அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

அன்புள்ள மலர்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது நாலு நாளாக மனசிலேயே நிற்கிறது. "ஆபீஸுக்குள்ள துப்பாக்கியோட எவனாவது வந்தா என்ன செய்யணும்னு ஒரு வீடியோ பார்க்கச் சொன்னாங்கம்மா. சத்தத்தை அணைச்சு ஓடவிட்டுட்டு என் வேலையைப் பார்த்தேன். கடைசியில கேட்ட கேள்விக்கெல்லாம் குத்துமதிப்பா பதில் போட்டேன், பாஸ்!" என்றாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. இதையெல்லாம் எழுதிப் பிள்ளையைப் பயமுறுத்தாதே என்கிறார் அப்பா. முப்பது வருஷம் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றவள் நான். பயம் வேறு, தெரிந்துவைத்திருப்பது வேறு.

நீ கேட்காமல் விட்ட வீடியோவின் சாரம் மூன்று சொல்தான்: ஓடு, ஒளி, வேறு வழியே இல்லையென்றால் எதிர்த்து அடி. 2012-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர நிர்வாகம் எடுத்த ஒரு குறும்படத்திலிருந்து பரவியது இது. பிரிட்டனில் மூன்றாவதை மாற்றி, போலீசுக்குச் 'சொல்' என்று வைத்தார்கள். எதுவானாலும் ஓடுவதுதான் முதலில். உனக்குச் சிக்கலே அதில்தான்.

ஆறாம் வகுப்பில் உங்கள் பள்ளியில் தீ ஒத்திகை நடந்தது ஞாபகம் இருக்கிறதா? எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக மைதானத்துக்குப் போக, நீ மட்டும் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பி ஓடினாய். உன் டீச்சர் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இப்போது அந்தப் பாட்டிலின் இடத்தில் லேப்டாப் இருக்கிறது. கிடக்கட்டும், விட்டுவிட்டு ஓடு. பக்கத்து மேஜைக்காரி வரமாட்டேன் என்று உறைந்து நின்றால் ஒரு தடவை கையைப் பிடித்து இழு. அதற்கும் அசையவில்லையென்றால் நீ போய்விடு. ஒரு தாயே இப்படி எழுதலாமா என்று நினைக்காதே.

முதல் சத்தம் கேட்டவுடன் யாருக்கும் துப்பாக்கி என்று தோன்றாது. பட்டாசு, ஏதோ கீழே விழுந்தது, மாடியில் வேலை நடக்கிறது என்றுதான் தோன்றும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். முதலில் எழுந்திருக்க எல்லோருக்கும் கூச்சம். அமெரிக்காவில் 2000 முதல் 2013 வரை நடந்த 160 துப்பாக்கித் தாக்குதல்களை அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. எவ்வளவு நேரம் நீடித்தது என்று கணக்கிட முடிந்தவை 63. அதில் 44, ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டன. 23, இரண்டே நிமிஷத்துக்குள். முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க அதில் ஏது நேரம்? ஒன்றுமே இல்லாத சத்தத்துக்கு நீ எழுந்து வெளியே போய், எல்லோரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

எந்த வழியாகப் போவாய்? தினமும் வருகிற வாசலைத்தான் கால் தேடும். ஆனால் வருகிறவனும் பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் வருவான். 2018-இல் அமெரிக்காவின் அன்னாபொலிஸ் நகரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தைத் தாக்கியவன் பின்கதவைத் திறக்க முடியாதபடி அடைத்துவைத்துவிட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அதனால் இரண்டாவது வழியோடு நிறுத்தாதே, மூன்றாவதையும் பார்த்துவை. லிஃப்ட் வேண்டாம். எல்லோரையும் எச்சரிப்பதாக நினைத்துத் தீ எச்சரிக்கை மணியை அமுக்காதே, உள்ளே பத்திரமாக இருப்பவர்களையும் அது நடைபாதைக்கு இழுத்துவந்துவிடும்.

ஓட வழியில்லையென்றால் பூட்டக்கூடிய அறை. மேஜைக்கு அடியில் புகுந்தால் நீ அவன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் குண்டுக்கு மேஜையும் ஒன்றுதான், ஜிப்சம் பலகைச் சுவரும் ஒன்றுதான். கான்கிரீட் தூண் வேறு. கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் கனமானதையெல்லாம் தள்ளி முட்டுக்கொடு. வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் முட்டு உதவாது. பெல்ட்டால் கைப்பிடியை உள்ளேயிருந்து ஏதாவது உறுதியானதோடு இழுத்துக் கட்டு. விளக்கை அணை. போனில் அதிர்வையும் சேர்த்து அணை. மேஜை மேல் போன் அதிர்கிற சத்தம் அமைதியில் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது இரவு டியூட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். கதவுக்கு நேராக நிற்காதே, எல்லோரும் ஒரே மூலையில் குவியாதீர்கள்.

இனி நான் பார்த்த வேலை. காயம்பட்டவரைக் காப்பாற்றுவது பல நேரம் டாக்டர் இல்லை, பக்கத்தில் இருந்தவர்தான். பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் ஐந்து நிமிஷத்துக்குள்ளேயே உயிர் போய்விடலாம், ஆம்புலன்ஸ் அதற்குள் வராது. கை, காலில் இரத்தம் பீறிட்டால் டூர்னிக்கெட், அதாவது இரத்தம் நிற்க இறுக்கி முறுக்குகிற பட்டை. காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, முழங்கை, முழங்கால் மூட்டின் மீது படாமல். இரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். அவர் வலியில் கத்துவார், திட்டுவார். தளர்த்தாதே. கட்டிய நேரத்தை அவர் தோலிலேயே பேனாவால் எழுது. தொடை இடுக்கு, அக்குள் போல கட்ட முடியாத இடமென்றால் துணியைக் காயத்துக்குள்ளேயே திணித்து, இரண்டு கையாலும் உடம்பின் பாரம் முழுக்கப் போட்டு அழுத்து. நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். புதிதாக வந்த எத்தனை நர்சுகளின் கையை நான் தட்டிவிட்டிருக்கிறேன்! உங்கள் முதலுதவிப் பெட்டியில் டூர்னிக்கெட் இருக்கிறதா என்று பார். பிளாஸ்டரும் தலைவலி மாத்திரையும் மட்டும் இருந்தால் கேட்டு வாங்கிவை.

போலீஸ் வந்ததும் காயம்பட்டவர்களைத் தாண்டிப் போவார்கள், கோபப்படாதே. 1999-இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, சிறப்புப் படை வரட்டும் என்று போலீஸ் வெளியே காத்திருந்ததன் விலையைப் பார்த்த பிறகு, முதலில் வருகிறவர்கள் நேராகத் தாக்குபவனைத் தேடிப் போகும்படி அங்கே முறையை மாற்றினார்கள். உன் கையில் போன்கூட இருக்கக்கூடாது. விரல்களை விரித்து, கைகளைத் தூக்கிக் காட்டு. ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதே.

அப்புறம், உங்கள் பிரிவில் ஒருத்தியின் கணவர் வாசலில் வந்து நின்று மிரட்டுகிறார், அவள் யாரிடமும் சொல்லாதே என்றாள் என்றாயே, அதுதான் எனக்கு வீடியோவைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. இப்படிப்பட்ட தாக்குதல்களில் பல, முன்கூட்டியே யாருடைய கண்ணிலாவது பட்டவைதான். அவளைக் கூட்டிக்கொண்டு போய் வாசல் காவலர்களிடமும் மேலாளரிடமும் அவர் படத்தைக் கொடுக்கச் சொல். அவள் உன்மேல் வருத்தப்பட்டால் நான் பேசுகிறேன்.

நாளை மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிஷம் ஒதுக்கி, உன் இடத்திலிருந்து பின்படிக்கட்டு வரைக்கும் ஒரு தடவை நடந்து போ. கட்டட வரைபடத்தில் பார்க்காதே, நடந்து போ. அடுத்த ஞாயிறு போனில் முதலில் அதைத்தான் கேட்பேன்: கீழே எங்கே கொண்டுபோய் விடுகிறது, அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

அம்மா