பைலட்டுக்கு எதுக்கு சங்கம்னு கேட்டியே மாப்ள

மாப்ள,

நல்லாருக்கியா, தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா, பேரன் அழுவாம ஸ்கூலுக்குப் போறானா. இங்க எல்லாரும் சௌக்கியம். டைம் கீப்பர் அண்ணனுக்கு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சுது, இப்பவும் வாசல்ல உக்காந்து போற வர்ற வண்டிய எல்லாம் லேட்டா வருதுன்னு திட்டிகிட்டுதான் இருக்காரு. பொங்கலுக்கே எழுதணும்னு இருந்தேன், எழுதல, அதுக்குக் காரணம் நீதான். போன்ல நீ சொன்ன ஒரு வார்த்த எனக்கு ரொம்ப உறுத்திருச்சு. அன்னைக்கு சட்டுனு பதில் வரல, அதான் இப்ப உக்காந்து எழுதறேன்.

டிசம்பர்ல இண்டிகோ ஃப்ளைட் எல்லாம் கேன்சல் ஆகி உன் மருமகன் ஒன்றர நாள் ஏர்போர்ட்டுல தரையில கெடந்தாரு, கோவம் வரத்தான் செய்யும், அத நான் தப்பு சொல்லல. ஆனா நீ என்ன சொன்ன, லட்சக்கணக்குல சம்பளம் வாங்குற பைலட்டுக்கு எதுக்குடா சங்கம், அவன் என்ன மூட்ட தூக்குறானான்னு கேட்ட. எம்பொண்ணும் அதே வேலையிலதான் இருக்கான்னு தெரிஞ்சும் கேட்ட. அப்ப அவளும் என் பக்கத்துலதான் இருந்தா, ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், ஒண்ணும் பேசாம எந்திரிச்சு உள்ள போயிட்டா.

அவ வந்ததே ரெண்டு நாள் லீவுக்கு. வந்த அன்னைக்கு தட்டுவடை செட் வாங்கிட்டு வந்து வச்சேன், சின்ன வயசுல இருந்தே அதுன்னா உயிர் அவளுக்கு, பாதி கூட சாப்புடல, தட்டு கையில இருக்கும்போதே கண்ணு சொருகிருச்சு. அவங்கம்மா தட்ட வாங்கி வச்சுட்டு தலகாணி குடுத்தா. மத்தியானம் படுத்தவ மறுநாள் காலையிலதான் எந்திரிச்சா. எந்திரிச்சதும் மொத வேலையா போன எடுத்து ரோஸ்டர், அதான் டியூட்டி லிஸ்ட், மாறிருக்கான்னு பாக்குறா. எனக்கு நம்ம பஸ் டெப்போ போர்டுதான் ஞாபகம் வந்துச்சு, டியூட்டி மாத்திருக்கானுங்களான்னு நாமளும் இப்படித்தான போய் நிப்போம்.

அப்பறம்தான் விஷயத்த சொன்னா. பைலட் அசோசியேஷன்ல சேர ஃபாரம் குடுத்துருக்காங்களாம். ஆபீஸ்ல ஒருத்தர் டீ குடிக்கக் கூப்ட்டு, உனக்கு நல்ல ஃப்யூச்சர் இருக்கும்மா, இதுலல்லாம் போய் ஏன் மாட்டிக்கிறன்னு அன்பாத்தான் சொன்னாராம். அந்த அன்பு எப்படி இருக்கும்னு உனக்கும் எனக்கும் தெரியாதா. சேரட்டுமாப்பான்னு கேட்டா.

நீ கேன்சல் ஆனத மட்டும் பாக்குற, அது எங்க இருந்து ஆரம்பிச்சுதுன்னு கேளு. பைலட்டுக்கு வாரத்துக்கு 36 மணி நேரம் ஓய்வு இருந்தத 48 ஆக்கணும், ராத்திரி டியூட்டில 6 லேண்டிங் வரைக்கும் விட்டத 2 ஆக்கணும்னு விமானத்துக்கெல்லாம் ரூல் போடுற கவர்மெண்ட் ஆபீஸ் டிஜிசிஏ 2024 ஜனவரியிலயே ரூல் போட்டுருச்சு. ஏர்லைன் கம்பெனிங்க தள்ளிப் போடச் சொல்லிச்சு, பைலட் சங்கங்க டெல்லி ஐகோர்ட்டுல நின்னுதான் 2025 ஜூலையில ஒரு பாதியும் நவம்பர்ல மீதியும் நடப்புக்கு வந்துச்சு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் டைம் இருந்தும் தேவையான ஆளுக்கு ஏற்பாடு பண்ணாம விட்டா டிசம்பர்ல வண்டி நிக்காம என்ன பண்ணும்? ஸ்பேர் டிரைவர் இல்லாம ட்ரிப் கட் ஆனா நம்மள திட்டுவாங்களே பஸ் ஸ்டாண்டுல, அதே கததான் இது. கடைசியில என்ன ஆச்சு, அந்த ராத்திரி ரூலுக்கே இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி வரைக்கும் சலுக குடுத்துட்டாங்க.

சம்பளம் ஜாஸ்திங்கிற சரி. ஆனா அந்த லைசென்சுக்கும் டைப் ரேட்டிங்குக்கும், அதான் ஒரு குறிப்பிட்ட மாடல் விமானத்த ஓட்ட எடுக்குற தனி ட்ரெய்னிங், நான் அயோத்தியாப்பட்டணம் நெலத்த வித்தது உனக்குத் தெரியும், பத்தாம வீட்டு மேலயும் பேங்க்ல கடன் இருக்கு. பிடிக்கலன்னா கெளம்பி வேற கம்பெனிக்கும் உடனே போக முடியாது, கோ பைலட்டுன்னா 6 மாசம் நோட்டீஸ், கேப்டன்னா 1 வருஷம். இவ்வளவு கடன வச்சுகிட்டு ஒரு 27 வயசுப் பொண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு போன எடுத்து, எனக்கு அசதியா இருக்கு சார் என்னால எடுக்க முடியாதுன்னு தனியா சொல்லிருவாளா சொல்லு.

மங்களூர்ல 2010 மே 22ல ஃப்ளைட் விழுந்துச்சே, 158 பேர் போனாங்களே. மல மேல கட்டுன ரன்வே அது. விசாரண ரிப்போர்ட்டுல என்ன இருக்குன்னு இவதான் சொன்னா, விடியக்கால ஃப்ளைட், கேப்டன் ஒரு மணி 40 நிமிஷம் போல தூங்கிருக்காரு, கொறட்ட சத்தம் காக்பிட் ரெக்கார்டிங்ல பதிவாயிருக்கு, எந்திரிச்சவருக்கு தூக்கக் கலக்கம் தெளியல. எறக்காதீங்க மறுபடி மேல தூக்குங்கன்னு கோ பைலட் மூணு தடவ சொல்லிருக்காரு மாப்ள. கேப்டன் உக்காருற அந்த எடது பக்க சீட்டுக்கு பக்கத்து சீட்டுலதான் எம்பொண்ணு தெனமும் உக்காருறா.

அவ இத சொல்லும்போது எனக்கு நம்ம ஏற்காடு மலப் பாதையோட பதினாலாவது வளைவு வந்து கண்ணுல நின்னுச்சு. நாம இத்தன வருஷமா இதப்பத்தி பேசிக்கவே இல்ல. பெங்களூர் நைட் சர்வீஸ் முடிச்சு எறங்குனவன ஸ்பேர் ஆள் வரலன்னு ஏற்காடு எடுக்கச் சொன்னாங்க, நானும் சரின்னு எடுத்தேன். ஏறும்போது ஒண்ணும் தெரியல. ஒண்டிக்கடையில டீ குடிச்சுட்டுத்தான் திரும்பினோம், மூட்டம் வேற, வண்டி நெறைய எஸ்டேட் ஜனம். எறக்கத்துல எனக்கு எத்தன செகண்டு போச்சுன்னு இன்னி வரைக்கும் தெரியாது, உன் விசில் காதுல விழுந்தப்ப முன் சக்கரம் சுவர ஒட்டி நிக்குது. டிக்கெட் வாங்காத ஒருத்தருக்காக ஊதுனேன்னு ஜனத்துகிட்ட சொன்ன நீ. என் கையி ஸ்டியரிங்க விட்டு எடுக்க வரல.

அடுத்த வாரம் டபுள் டியூட்டி எடுக்க மாட்டேன்னு நான் சொன்னதுக்கு சார்ஜ் மெமோ குடுத்தாங்க. அத கிழிக்க வச்சது யாரு? சங்கத்துல இருந்து பதினஞ்சு பேர் டெப்போ கேட் கிட்ட வந்து நின்னாங்க, நீயும் அதுல இருந்த. நான் மட்டும் போய் நின்னுருந்தா வீட்டுக்கு அனுப்பிருப்பாங்க. அப்படி நின்ன நீ இன்னைக்கு பைலட்டுக்கு எதுக்குங்கிற, அதான் எனக்கு வலிக்குது.

சங்கம் பண்றதெல்லாம் சரின்னு நான் சொல்ல வரல. 2012ல ஏர் இந்தியாவுல 58 நாள் ஸ்ட்ரைக், புதுசா வரப் போற ட்ரீம்லைனர் விமானத்துக்கான ட்ரெய்னிங்க ஏர் இந்தியாவோட சேத்துவிட்ட பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுக்கும் குடுக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்ச சண்ட அது. சங்கத்தோட அங்கீகாரத்த ரத்து பண்ணி கிட்டத்தட்ட நூறு பேருக்கு வேலையும் போச்சு. தொழிலாளிக்கு எதிரா தொழிலாளி பண்ற சண்டைய என்னால ஒத்துக்க முடியல. நம்ம டெப்போவுலயும் குடிச்சுட்டு வண்டி எடுத்தவன சங்கம் காப்பாத்துச்சே, அன்னைக்கு நீயும் நானும்தான எதிர்த்து கத்துனோம். ஆனா 2009ல ஜெட் ஏர்வேஸ்ல சங்கம் ஆரம்பிச்ச ரெண்டு பைலட்ட வேலைய விட்டுத் தூக்குனப்ப நூத்துக்கணக்கான பைலட்டுங்க சேர்ந்தாப்புல சிக் லீவு போட்டாங்க, அஞ்சு நாள், அவங்கள திருப்பி எடுத்த பிறகுதான் வேலைக்கு வந்தாங்க. ஜனத்துக்கு கஷ்டம்தான். ஆனா அந்த ரெண்டு பேரும் தனியா இருந்தா என்ன ஆகிருப்பாங்க?

அவகிட்ட சேருன்னுதான் சொன்னேன். சம்பளத்துக்காக நின்னா நீ யோசிச்சு நில்லு, தூக்கத்துக்காக யாராவது நின்னா கேள்வி கேக்காம போய் பக்கத்துல நில்லுன்னு சொன்னேன். ஃபாரம் இன்னும் கையெழுத்துப் போடாம பையிலதான் வச்சுருக்கா. மாமா இப்படிச் சொல்றாரே, ஜனம் எல்லாம் அப்படித்தான நெனப்பாங்கன்னு யோசிக்கிறா.

வர்ற 12ம் தேதி மறுபடி வர்றா, கமலாபுரம் ஏர்போர்ட்டுலதான் எறங்குறா. நீ ஒரு எட்டு சேலம் வா மாப்ள. பதினாலாவது வளைவுல நடந்தத அவகிட்ட நான் இன்னும் சொல்லல, விசில் ஊதுனவன் நீ, நீயே அவகிட்ட சொல்லு.

தங்கச்சிய கேட்டேன்னு சொல்லு.

உன்
டிரைவர் மாப்ள