ஸ்டெப்னி இல்லாத காரும் அந்த மலைச் சனங்களும்: ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். இது தமிழ்ல இருக்கு, நன்றி சொல்ல வேண்டியவங்கள்ல ஒருத்தியத் தவிர யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, தெரிஞ்சேதான் எழுதுறேன். அந்த ஒருத்தி இத்தாலியன்ல மாத்தித் தர்றேன்னு சொல்லிருக்கா, ப்ரிண்ட் போட்டு, இத்தாலியில எங்களுக்கு ஒத்தாச பண்ண அந்த மலை ஊருக்கே தபால்ல அனுப்பிருவேன். தமிழ்ல ஊரறியப் போடுறதுக்குக் காரணம் எங்க அப்பா. "நமக்கு ஒத்தாச பண்ணவங்களப் பத்தி நம்ம சனத்துக்கும் சொல்லணும் தாயி"ன்னு மூணு மாசமா நச்சரிச்சுக்கிட்டே இருந்தாரு.

போன செப்டம்பர் முதல் வாரம், நான் வேலை பாக்குற முனிச்சுக்கு அப்பா வந்திருந்தப்ப, ரோம் வெனிஸ்னு கூட்டிட்டுப் போகலாம்னுதான் இருந்தேன், ஆனா அவருக்கு கூட்டம் ஆகாது, 71 வயசு, க்யூல நிக்க மாட்டாரு. அப்பதான் நடு இத்தாலியில லாக்விலா நகரத்துல பிஎச்டி பண்ற தங்கச்சி (தோழியோட தங்கச்சி, இப்ப எனக்கும் தங்கச்சி) எங்க அப்ரூட்ஸோ மாகாணத்துப் பக்கம் வாங்கக்கா, சான்டோ ஸ்டெஃபானோ தி செஸ்ஸானியோன்னு ஒரு மலை ஊர் இருக்கு, 1250 மீட்டர் உயரம், மொத்தமே நூத்திச் சொச்சம் பேருதான்னு சொன்னா. தங்கச்சி, முதல் நன்றி உனக்குத்தான். கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியில 1400 மீட்டர் பாறையக் கூரையா வெச்சுக்கிட்டு லேப்ல வேலை பாக்குறவ, "நான் கீழ இருக்கேன், நீங்க மேல பாத்துட்டு வாங்க"ன்னு சொன்னப்ப சிரிச்சேன், ஆனா நீ எழுதிக் குடுத்த அந்த ஒரு பக்கத் தாள்தான் எங்களக் காப்பாத்துச்சு. அதுல நாலாவது வரி: "வெள்ளை நாய் வந்தா ஓடாதீங்க. கத்தாதீங்க. மந்தைக்குள்ள நடக்காதீங்க." அதுக்கு அப்புறம் வர்றேன்.

ரூம் குடுத்த தம்பிக்கு ஒரு நன்றி. அங்க ஹோட்டல்னா ஒரே கட்டடம் இல்ல, ஊருக்குள்ள சிதறிக் கிடக்குற பழைய வீடுங்கள்லதான் ரூம். ரிசப்ஷன் ஒரு மூலை, நம்ம ரூம் நாலு சந்து தள்ளி, நடுவுல வீட்டுக்கு அடியிலயே குகை மாதிரி கல்வளைவுப் பாதை. ராத்திரி பத்து மணிக்கு அதுக்குள்ள நாங்க ரெண்டு தடவ தொலைஞ்சு போயி ரெண்டு தடவயும் உங்களயே எழுப்புனோம், மூஞ்சி சுளிக்கல நீங்க.

அப்புறம் பருப்பு விக்கிற அம்மா. நீங்க கடைவாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து சல்லடையில கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்தீங்க. அந்த ஊர் லெந்தில் ரொம்பப் பொடிசு, நம்ம மைசூர்ப் பருப்பத் தோலோட எடுத்து இன்னும் சின்னதாக்குன மாதிரி, கருத்த மண் கலரு. ஊற வைக்கவே கூடாது, பூண்டும் பிரிஞ்சி இலையும் போட்டு வேக வெச்சு மேல ஆலிவ் எண்ணெய் ஊத்துனாப் போதும்னு ஃபோன்ல ட்ரான்ஸ்லேட்டர வெச்சுக்கிட்டே பத்து நிமிஷம் சொல்லிக் குடுத்தீங்க. அப்பா கைய நீட்டிக் கேக்காமலே சல்லடைய வாங்கிப் பொறுக்க ஆரம்பிச்சுட்டாரு, அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லல, இன்னொரு ஸ்டூல் எடுத்துப் போட்டீங்க. அந்த ஸ்டூலுக்குத்தான் இந்தப் பத்தி.

அந்த ஊர்க் கோபுரத்தப் பத்தியும் உங்ககிட்டதான் கேட்டோம். ஃபுளோரன்ஸ் நகரத்த ஆண்ட மெதிச்சி குடும்பத்துக்காரங்க 1579ல இந்த மலைப்பகுதிய வெலைக்கு வாங்கி 1743 வரைக்கும் ஆண்டிருக்காங்க, எல்லாம் கம்பளி வியாபாரத்துக்காக. சாமியாருங்க அங்கிக்கும் சிப்பாய் உடுப்புக்கும் போன கருப்புக் கம்பளி இங்கேருந்து போனதாம். ஊர் வாசல் வளைவுல அவங்க சின்னம் இன்னும் இருக்கு. அந்தப் பழைய கோபுரம் 2009 ஏப்ரல் 6 விடியக்காலம் லாக்விலா பூகம்பத்துல அப்படியே உக்காந்துருச்சு. 309 பேர் செத்த பூகம்பம் அது. இப்ப நிக்கிறது திரும்பக் கட்டுனது. கட்டுறதுக்கு முன்னாடி பல வருஷம் அந்த இடத்துல இரும்புக் குழாய்ச் சாரத்தக் கோபுரம் மாதிரியே நிறுத்தி வெச்சிருந்தாங்கன்னு சொல்லிட்டு நீங்க கையால காத்துல ஒரு வட்டம் போட்டுக் காட்டுனீங்க பாருங்க, அது எனக்கு எந்த ஃபோட்டோவ விடவும் ஞாபகம் இருக்கு.

ரெண்டாம் நாள் ரோக்கா கலாஷோ கோட்டைக்கு நடந்தோம். 1460 மீட்டர்ல, மொட்டைப் பாறை உச்சியில, நடுவுல ஒரு சதுரக் கோபுரம் மூலைக்கொண்ணா நாலு உருண்டைக் கோபுரம். சண்டையே பாக்காத கோட்டை அது, எதிரி வரவே இல்ல, 1461லயும் 1703லயும் பூகம்பம்தான் வந்துச்சு, அதுல பயந்து சனம் கீழ இருக்குற கலாஷோ ஊருக்கு இறங்கிட்டாங்க. அடிப்பாகத்துல பெரிய பெரிய கல்லு, மேல போகப் போகச் சின்னக் கல்லு, அப்பா அதத் தடவித் தடவிப் பாத்தாரு. ஏறும்போது மூச்சு வாங்குன அப்பாவுக்குத் தன்னோட கைத்தடியக் குடுத்துட்டு, "கீழ இறங்கி அந்த எட்டுப் பட்டைக் கோயில் சுவத்துல சாத்தி வெச்சிருங்க"ன்னு சைகையிலயே சொல்லிட்டு இறங்கிப் போன பெரியவரே, சாத்தி வெச்சுட்டோம். நீங்க எடுத்துக்கிட்டீங்களான்னுதான் அப்பா இன்னும் கேக்குறாரு.

மூணாவது நாள்தான் முக்கியமான கதை. காம்போ இம்பெராத்தோரே, இத்தாலிக்காரங்க குட்டித் திபெத்ங்கிறாங்க, 27 கிலோமீட்டர் நீளத்துக்கு மரமே இல்லாத புல்வெளி, ஓரத்துல 2912 மீட்டர் கோர்னோ கிராந்தே சிகரம். அந்தக் கோடியில ஒரு ஹோட்டல் இருக்கு, 1943ல முசோலினிய அடைச்சு வெச்சு, செப்டம்பர் 12 ஜெர்மன்காரங்க கிளைடர்ல இறங்கித் தூக்கிட்டுப் போனாங்களே, அதேதான். அப்பாவுக்கு அதுல துளி ஆர்வம் இல்ல, கார்லேருந்தே இறங்கல. திரும்பி வரும்போது மேகம் இறங்கிருச்சு, அஞ்சு மீட்டர் தெரியல, ஓரமா ஒதுங்குறேன்னு ஒரு கூர்க்கல்லுல ஏத்திட்டேன், டயர் பக்கவாட்டுல கிழிஞ்சுருச்சு. டிக்கியத் தொறந்தா ஸ்டெப்னி இல்ல! வாடகைக்கு விட்டவங்க (பேரு வேணாம்) பஞ்சர் அடைக்கிற ஒரு ஸ்ப்ரே டப்பா வெச்சிருந்தாங்க, அது கிழிஞ்ச டயருக்கு எதுக்கு ஆகும். சிக்னலும் இல்ல.

அப்பதான் மூணு வெள்ளை நாய். கன்னுக்குட்டி சைஸு, ஒண்ணு கழுத்துல இரும்பு முள்ளுப் பட்டை, ஓநாய் கழுத்தக் கவ்வுனா அதோட வாயி கிழியுறதுக்கு. நான் கார்க்குள்ள ஓடப் பாத்தேன், அப்பா தோளப் புடிச்சு "தாயி, நில்லு, அந்தப் புள்ள எழுதிக் குடுத்துச்சுல்ல"ன்னாரு. நின்னோம். குரைச்சுச்சுங்க, சுத்தி வந்துச்சுங்க, பின்னாடியே மேகத்துக்குள்ளேருந்து மணிச் சத்தம், அப்புறம் செம்மறி, செம்மறி, செம்மறி... கடைசியா ப்ளாஸ்டிக் ரெயின்கோட்ல நீங்க வந்தீங்க அண்ணே.

நீங்க மாசிடோனியாக்காரர், வருஷத்துல பாதி இங்க மேய்க்கிறீங்க. உங்க இத்தாலியன் எனக்குப் புரியல, என் இங்கிலீஷ் உங்களுக்குப் புரியல. ஆனா அப்பா ராமநாதபுரம் பக்கம் ஆடு மேய்க்கிற கீதாரி வீட்டுப் புள்ள, பதினஞ்சு வயசு வரைக்கும் ஆட்டுக் கிடையிலதான் தூங்கி எந்திரிச்சவரு, அறுப்பு முடிஞ்சா தாத்தாவோட ஆட்ட ஓட்டிக்கிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் நடந்தவரு. நான் டயரக் காட்டிக்கிட்டு இருக்கேன், இவரு பாட்டுக்கு ஒரு ஆட்டத் தாடையில புடிச்சு ஒதட்ட விலக்கிப் பல்லப் பாக்குறாரு. எனக்கு உசுரே போச்சு, நாய் கடிச்சிரும்னு. நீங்க நாய ஒரு அதட்டு அதட்டிட்டுக் கிட்ட வந்து பாத்தீங்க. அப்பா நாலு வெரல காட்டுனாரு, நாலு பல்லுன்னு, ஆட்டோட வயசு அதுலதான் தெரியும். நீங்க தலைய ஆட்டி இன்னொரு ஆட்ட இழுத்துட்டு வந்தீங்க. அவரு ரெண்டுன்னாரு. அப்படி ஒரு அரை மணி நேரம், டயரு எங்க ரெண்டு பேர்ல என் ஒருத்திக்கு மட்டும்தான் கவலை.

அந்த மேய்ச்சல் நிலத்துலேருந்து குளிர்காலத்துக்கு ஆடெல்லாம் ஃபோஜ்ஜா சமவெளிக்கு நடந்தே இறங்குன பாதை ஒண்ணு இருந்துச்சு, லாக்விலாவுலேருந்து 244 கிலோமீட்டர், ஆட்டுக்குன்னே 111 மீட்டர் அகலத்துக்கு விட்டு வெச்ச பாதை, 1447லேருந்து ராஜாங்கமே வரி வசூல் பண்ணிருக்கு. இதத் தங்கச்சி எழுதுன தாள்லேருந்து அங்கயே படிச்சுச் சொன்னேன். அப்பா "வரியா? நமக்கு நெல்லுல்ல குடுப்பாங்க, வயல்ல எருவுக்குக் கிடை போட்டதுக்கு"ன்னாரு. நீங்க பையிலேருந்து பாலாடைக்கட்டிய எடுத்துக் கத்தியால சீவிக் குடுத்தீங்க, செம்மறிப் பால்ல செஞ்சதுன்னதும் அவரு நம்பவே இல்ல. நாங்க செம்மறியக் கறக்குறதில்ல அண்ணே, அதான். கரிக்குது, கரிக்குதுன்னு சொல்லிக்கிட்டே நாலு துண்டு தின்னாரு.

அப்புறம் நீங்க எந்த மேட்டுல ஏறி எப்படி சிக்னல் புடிச்சீங்களோ, ஒரு மணி நேரத்துல ஒடிஞ்ச கண்ணாடியோட ஒரு பழைய ஃபியட் பாண்டா காரு வந்துச்சு. பாண்டா அண்ணே, நீங்க சக்கரத்தக் கழட்டி எடுத்துட்டுப் போயி சாயங்காலம் வேற டயர் மாட்டிக் கொண்டாந்தீங்க, பழைய டயர்தான், ஆனா ரோமு வரைக்கும் தாங்குச்சு. டயர் காசோட பெட்ரோலுக்குன்னு இருபது யூரோதான் வாங்குனீங்க. காத்திருந்த நேரம் முழுக்க நாங்க மந்தையோட நடந்தோம், மேகம் கலைஞ்சு வெயிலு வந்தப்ப அந்த மொத்தப் புல்வெளியும் ஈரத்துல மின்னுச்சு, அப்பா கம்ப ஊணிக்கிட்டு ஒத்தக் கால்ல நின்னாரு, சின்ன வயசு ஃபோட்டோவுல அவங்கப்பா நிக்கிற மாதிரியே.

பருப்பு அம்மா, ஒரு உண்மைய ஒத்துக்குறேன். ஊர்ல எங்கம்மா உங்க லெந்தில்ல புளி கரைச்சு ஊத்திக் கறிவேப்பிலை தாளிச்சுட்டாங்க. மன்னிச்சிருங்க. ஒரு பருக்கை மிஞ்சல.

கவருக்குள்ள ரெண்டு ஃபோட்டோ வெச்சிருக்கேன். ஒண்ணு உங்க கடை வாசல், ரெண்டு ஸ்டூலோட. இன்னொண்ணு மேய்க்கிற அண்ணனுக்கு, அப்பாவும் அவரும் ஆட்டு வாயத் தொறந்து பாக்குறது. அவரு பேரு கேக்க மறந்துட்டோம். கழுத்துல முள்ளுப் பட்டை போட்ட நாயோட வர்றவருன்னு சொன்னா பாண்டா அண்ணனுக்குத் தெரியும், அடுத்த கோடைக்கு அவரு மலை ஏறி வந்ததும் குடுத்துருங்க.