ஓடைக்கரை நடவு: வேலை நீர்விளிம்பில் தொடங்கட்டும்

ஆசிரியருக்கு,

ஓடைக்கரைகளில் தன்னார்வலர்கள் மரக்கன்று நடும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. பாராட்டத்தான் வேண்டும். ஆனால், கரைமேல் ஒரே வரிசை, ஒரே வகைக் கன்று என்று சாலையோர நடவு மாதிரியே பல இடங்களில் நடுகிறார்கள். அதனால் கரையும் நிற்காது, மீனும் திரும்பாது.

கரை அரிவது அடியிலிருந்து. நீர் அடிமண்ணைக் குடைந்ததும் மேற்கரை சரிகிறது. உச்சியில் நட்ட கன்றும் கூடவே போகிறது. ஆகவே முதல் வேலை நீர்விளிம்பில். அங்கே மரம் வேண்டாம். கோரை, நாணல், வெட்டிவேர் ஆகியவற்றை அரையடி இடைவெளியில் நெருக்கமாக நட்டால் போதும்.

நடுச்சரிவில் குழி தோண்டினால் மண் இளகி அடுத்த வெள்ளத்தில் கரைந்துவிடும். அங்கே நொச்சி, ஆற்றுப்பாலை போத்துகளே (வேர்விடும் கிளைத்துண்டுகள்) சரி. கட்டைவிரல் பருமன், மூன்றடி நீளம். அடிநுனியைச் சாய்வாகச் சீவி ஒரு நாள் நீரில் ஊறவைத்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இறங்கும்படி ஊன்ற வேண்டும். கடப்பாரையால் துளை போட்டுவிட்டு ஊன்றுங்கள். போத்தின் தலையில் சம்மட்டியால் அடித்தால் நுனி பிளந்து காய்ந்துவிடும். சுற்றிலும் மிதித்து இறுக்காவிட்டால் வேர் பிடிக்காது. கூட்டமாக நடும்போது தலைகீழாக ஊன்றுவதும் சகஜம். மொட்டு மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க ஒருவரை நிறுத்துங்கள்.

நீர்மருது, புங்கன், நாவலுக்குக் கரையின் மேல்தளம்தான் இடம். ஒன்றரை அடி ஆழ அகலக் குழி, பத்தடி இடைவெளி. பையைக் கிழித்து, சுருண்ட வேரை நறுக்கிவிட்டு நட வேண்டும். மண்மேல் பரப்பும் இலைதழை மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்; ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகும்.

மேல்தளத்தில் முதல் மழையோடு நடலாம். விளிம்பில் வெள்ளம் வடிந்த பிறகே. சீமைக்கருவேலத்தைப் பொக்லைன் வைத்துப் பிடுங்குவது கரையையே பிடுங்குவது. தரைமட்டத்தில் வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க மீண்டும் வெட்டுங்கள், அலுப்பான வேலைதான். ஆடுமாடுகளைத் தடுக்க வேலி அவசியம், ஆனால் அவை நீர் குடிக்க ஓரிடத்தில் வழி விடாவிட்டால் வேலி நிலைக்காது.

இனி மீன். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். நீரைக் குளிர்வாக வைக்கும் மரநிழலின் பயன் அது. விழும் இலையைத் தின்று பூச்சிப்புழுக்கள் பெருகும், அவை மீனுக்கு இரை. கரை சரிந்து வண்டல் படிந்தால் சரளைக்கல் இடுக்கில் இட்ட முட்டைகள் மூச்சடைத்துப் போகும். விராலுக்குக் கூடுகட்டச் செடி அடர்ந்த ஆழமற்ற ஓரம் வேண்டும். இது தெரியாமல், 'தூய்மைப் பணி' என்று ஓரத்துக் கோரையையும் நீரில் கிடக்கும் பட்ட மரத்தையும் வாரி எடுத்துவிடுகிறார்கள். குப்பையை எடுங்கள்; மதகையோ பாலத்தையோ அடைக்காத கட்டைகளை விட்டுவிடுங்கள். அவற்றைச் சுற்றி நீர் குடையும் பள்ளத்தில்தான் கோடையில் மீன் தங்கும்.

நடவுச் செய்தி வெளியிடும்போது நட்ட எண்ணிக்கையோடு நிறுத்தாமல், மூன்றாம் கோடைக்குப் பிறகு அதே கரைக்குச் செய்தியாளரை அனுப்பி எத்தனை பிழைத்திருக்கின்றன என்றும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓடைக்கரை நடவில் ஈடுபடும் தன்னார்வலர்கள்