டயட் சார்ட்டும் உன் சித்தியும்

முக்கூடல்

அன்பு மகளுக்கு,

ஊட்டச்சத்து பி.எஸ்சி. முடித்த கையோடு அந்த எடை குறைப்பு சென்டரில் சேரட்டுமா என்று போனில் கேட்டாய். சம்பளம் போக, புரோட்டீன் பவுடர் விற்றால் கமிஷனும் உண்டாம். எனக்கு மனசில்லை தாயி. டப்பா விற்கவா மூன்று வருஷம் படித்தாய்?

பீடி சுற்றுகிற உன் சித்தியையே எடுத்துக்கொள். சர்க்கரை கூடி ஆஸ்பத்திரியில் கிடந்தவளுக்கு ஒரு டயட் சார்ட் கொடுத்து அனுப்பினார்கள். காலையில் ஓட்ஸ், ராத்திரி ப்ரோக்கோலி சூப்! மடித்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். மடியில் பீடித் தட்டை வைத்தால் அன்றைய கணக்கு முடியும்வரை எழுந்திருக்க மாட்டாள். நடுவில் டீதான் ஆகாரம். ரத்தம் கம்மி என்று கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் அந்த டீயிலேயே முழுங்கினாள்; டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாதே. கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை வேறு. பொங்கலுக்கு வந்தபோது நீ திண்ணையில் உட்கார்ந்து, எப்போது என்ன தின்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாயே, அதுதான் வேலை. இப்போது மாத்திரைக்கு எலுமிச்சைத் தண்ணீர், டீ ஒரு மணி நேரம் தள்ளி. கருப்பட்டியை மட்டும் விடமாட்டேன் என்கிறாள், பார்ப்போம்.

அதனால் எம்.எஸ்சி. படி. அப்புறம் ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சி, அதற்குமேல் இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷனின் ஆர்.டி. பரீட்சை, அதாவது பதிவு பெற்ற டயட்டீஷியன் ஆவதற்கானது. கிட்னி நோயாளிக்குப் பொட்டாசியம் குறையக் காயை வேகவைத்துத் தண்ணீரை வடிக்கச் சொல்வதும், வாயால் சாப்பிட முடியாதவருக்குக் குழாய் வழியே போகிற கஞ்சிக்குக் கணக்குப் போடுவதும் வார்டில் நின்றால்தான் கைவரும். 2021-இல் வந்த சட்டத்தில் டயட்டீஷியனையும் மருத்துவம் சார்ந்த தொழிலாகச் சேர்த்துவிட்டார்கள். நாளைக்குப் பதிவு கேட்கும்போது டப்பா விற்ற அனுபவம் உதவாது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலும் எம்.எஸ்சி. இருக்கிறது, விசாரி. 1918-இல் நம்ம குன்னூரில் தொடங்கி 1958-இல் அங்கே போனதுதான் அது. சத்துணவுக்கூடத்தில் முட்டை எண்ணுகிற எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சிரிக்காதே, வாசிக்கிறேன்.

ஃபீஸுக்குச் சீட்டு ஆவணியில் விழுகிறது. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று மட்டும் சொல்.

அம்மா