பந்து இல்லாத இடத்தில் நடந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலை நிமித்தம் வெளியூரில் இருப்பவள் நான். விடுமுறைக்குப் பெற்றோரிடம் வந்திருந்தபோது, சென்ற சனிக்கிழமை தொழில்முறைக் கால்பந்து ஆட்டம் ஒன்றை முதல் முறையாக மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அப்பாவுக்கும் அதுதான் முதல் தடவை. அவருக்கு வயது 74. தொலைக்காட்சியில் வரும் எந்த ஆட்டத்தையும் தவறவிடாதவர். எங்களை அழைத்துப் போனவள் அண்ணன் மகள். கல்லூரி அணியில் இடதுபக்கத் தற்காப்பு ஆட்டக்காரி.

படியேறி கேலரிக்குள் நுழைந்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அதற்குள் 22 பேர் எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கிறார்கள் என்பது நேரில் பார்த்த பிறகுதான் தெரிந்தது. எதிர்முனையில் கோல்கீப்பர் பந்தை உதைப்பது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. ஓசை கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேர்கிறது.

எங்கள் இருக்கைக்கு நேர் கீழே உதவி நடுவர். அவர் பந்தின் பின்னால் ஓடவில்லை. கோல்கீப்பரையும் சேர்த்து எண்ணினால் கடைசிக்கு முந்தையவராக நிற்கும் தற்காப்பு வீரருக்கு நேராக, முகத்தை மைதானத்தின் பக்கம் வைத்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார். நடுவரின் பார்வையில் படும்படி கொடியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி ஒருவர் பந்தை உதைக்கும் கணத்தில் இங்கே முன்கள வீரரின் தோள் எங்கே இருந்தது என்று அவர் சொல்லியாக வேண்டும். பந்து உதைக்கப்படும் கணத்தில் அதைப் பெறப்போகும் முன்கள வீரருக்கு முன்னால் எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்றுதான் 1925 வரை ஆஃப்சைடு விதி இருந்தது, அந்த ஆண்டு அதை இரண்டாக்கிய பிறகு கோல்கள் பெருகின என்று அண்ணன் மகள் விளக்கினாள். அப்பா அந்தக் கொடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்த மனிதரையா இத்தனை வருடம் திட்டிக்கொண்டிருந்தேன்!" என்றார்.

முதல் பாதியின் நடுவில் அவள் என் கையைத் தட்டினாள். "அத்தை, பந்தைப் பார்க்காதீர்கள். அந்த 3-ஆம் எண்ணையே பாருங்கள். ஒருவர் காலில் பந்து இருப்பது மொத்த ஆட்டத்தில் ஓரிரண்டு நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்."

பார்த்தேன். நொடிக்கொரு முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்பவரைக் கைகாட்டி நகர்த்துகிறார். இரண்டு எட்டு பின்வாங்குகிறார், மறுபடி முன்னேறுகிறார். இரண்டாம் பாதியில் திடீரென்று கோட்டோரமாகப் பாய்ந்தார். ஏறக்குறைய நாற்பது மீட்டர். பந்து அவருக்கு வரவேயில்லை. ஆனால் எதிரணித் தற்காப்பு வீரர் ஒருவர் அவரை விடக்கூடாதென்று கூடவே ஓடினார். அந்தத் தற்காப்பு வீரர் விட்டுப்போன இடம் வெறுமையாகக் கிடந்தது. பந்து அங்கே வந்தது, நடுக்கள வீரர் ஒரே உதையில் வலைக்குள் அனுப்பினார். அரங்கமே எழுந்து நின்றது. கோல் அடித்தவரை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். 3-ஆம் எண் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தார்.

மறுநாள் காலை தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. கோல் அடித்தவர், பந்து கொடுத்தவர், எத்தனையாவது நிமிடம், எல்லாம் சரியாக இருந்தன. அந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பா இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அதைத்தான் தங்களிடம் முறையிடுகிறேன்.

கோலையும் ஸ்கோரையும் அன்றிரவே எல்லோரும் கைப்பேசியில் பார்த்துவிடுகிறார்கள். கேமரா பந்தோடு போய்விடுகிறது. அது காட்டாததைப் பார்க்கக்கூடிய இடத்தில் தங்கள் செய்தியாளர் உட்கார்ந்திருக்கிறார். 1927-இல் பிபிசி வானொலி கால்பந்து வர்ணனையைத் தொடங்கியபோது, மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து எண் போட்ட ஒரு படம் ரேடியோ டைம்ஸ் இதழில் அச்சாகியிருந்தது. பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வானொலியில் கேட்டு, நேயர்கள் படத்தில் பார்த்துக்கொண்டார்கள். அதுபோல, ஒவ்வோர் ஆட்டச் செய்தியோடும் உள்ளங்கை அளவில் ஒரு மைதானப் படம் போடுங்கள். கோல் விழுந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார்கள், யார் எங்கே ஓடினார்கள் என்று காட்டினால் போதும். என் அண்ணன் மகளைப் போல ஆடும் பிள்ளைகள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

அந்தச் செய்தியின் ஓரத்தில் வெற்றிடமாக இருந்த இடத்தில் அப்பா நீல மையால் மைதானத்தை வரைந்திருக்கிறார். பந்து போன வழி கோடாகவும் 3-ஆம் எண் ஓடிய வழி புள்ளிகளாகவும் இருக்கின்றன. அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி