மலைப்பேச்சுக்கு ஹக்கா காட்டும் வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் (கேரள மலையாளிகள் அல்லர்) பேச்சுவழக்கைப் 'பதிவு செய்து காப்போம்' என்கிறார்கள். பதிவு மட்டும் போதாது. தைவானில் ஹக்கா என்னும் சிறுபான்மை மொழிக்காக 1988 டிசம்பரில் தைபேயில் பேரணி நடந்தது. 2001இல் தனி அரசுக் குழு, 2003இல் தொலைக்காட்சி, 2010இல் அடிப்படைச் சட்டம் எல்லாம் வந்தன. ஆனாலும் வீட்டில் பல பிள்ளைகள் மாண்டரின் சீனத்திலேயே பேசுகிறார்கள். பள்ளியில் வாரம் ஒரு பாடவேளை மட்டும் என்றால் மொழி மதிப்பெண்ணாகிவிடும், பேச்சாகாது. ஹக்காவிலேயே சிசியன், ஹைலு என வழக்குகள் பல இருக்க, ஒன்றை மட்டும் புத்தகத்தில் ஏற்றினால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அது அந்நியம்.

ஏற்காட்டில் அங்கன்வாடியிலிருந்தே தொடங்கலாம். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பாட்டிமார், தினமும் இரண்டு மணி நேரம், மதிப்பூதியத்துடன். ஒருவர் மட்டும் என்றால் அவர் வராத நாளில் எல்லாம் நின்றுவிடும். சாமை புடைப்பது, களி கிண்டுவது என்று வேலையோடு பேச்சு நடக்கட்டும்; பாட்டு மட்டும் கற்றால் வாக்கியம் வராது. முக்கியமாக, 'அப்படிச் சொல்லாதே, சரியாகச் சொல்' என்று திருத்தும் ஆசிரியர் அந்த இரண்டு மணி நேரம் வாய் திறக்கக் கூடாது. (திருத்தாமல் இருப்பது அவர்களுக்குச் சிரமம்தான்!) பெற்றோருக்கும் மாதம் ஒரு மாலைக் கூடுகை வேண்டும், வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் பிள்ளை பேச்சை வாசலிலேயே விட்டுவிடும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர், ஏற்காடு