ஜார்விஸ் வாங்கிய அடி

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. குட்டையனுக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டதாமே! இனியாவது புலம்பாமல் இருக்கட்டும்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். "வில்லன்கள் சங்கம் அமைத்தால் கடைசியில் ஆளுக்கொரு குத்து வாங்கி விழுவார்கள், அவ்வளவுதான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1986 நவம்பர் முதல் 1987 மார்ச் வரை தேதியிட்ட, அவெஞ்சர்ஸ் என்ற வீரர் குழுவின் மார்வெல் காமிக்ஸ் 273 முதல் 277 வரையிலான இதழ்களை மறுபடி எடுத்து உட்கார்ந்துவிட்டேன். ரோஜர் ஸ்டெர்ன் கதை, ஜான் புஸ்கேமா படம், டாம் பாமர் மை. இதைப் படித்த நீயா அப்படி எழுதினாய்?

வில்லன் கூட்டத்தின் தலைவன் ஹெல்முட் ஜெமோவின் மூளையை நினைத்துப் பார். அப்பன் ஜெமோ 1964-இல் திரட்டிய கூட்டம் அவெஞ்சர்ஸை நேருக்கு நேர் மோதித் தோற்றது. மகனோ பதினைந்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு மோதலும் இல்லாமல் முதலில் வீட்டைப் பிடிக்கிறான். நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் இருக்கும் அவெஞ்சர்ஸ் மாளிகையில் அப்போது இருப்பது சமையலும் சாவிக்கொத்துமாகத் திரியும் பணியாளர் ஜார்விஸ் மட்டும். பிறகு திரும்பி வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கட்டிப்போட வேண்டியதுதான். எதிரியின் பலம் அவர்கள் ஒன்றாக இருப்பதில்தான் என்பதை அவெஞ்சர்ஸைவிட ஜெமோ நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறான்.

அதற்கு அவெஞ்சர்ஸில் ஒருவனான ஹெர்குலிஸே சாட்சி. ஒரு பெண் தலைவியாக இருந்து கட்டளையிடுவதா என்று பொருமிக்கொண்டிருந்தவன், குடிபோதையில், அந்தத் தலைவி வாஸ்ப் தடுத்தும் கேளாமல் தனியாக உள்ளே பாய்கிறான். கூட்டமாகச் சூழ்ந்து அடித்து அவனை நினைவிழக்கச் செய்துவிடுகிறார்கள். உன் அண்ணன் இன்னும் ஹெர்குலிஸ் கட்சிதானா? இந்தப் பக்கங்களை அவர் மேசையில் விரித்து வை.

இனி, எனக்குத் தூக்கம் கெடுத்த இடம். அவெஞ்சர்ஸின் மூத்த வீரர் கேப்டன் அமெரிக்காவைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அவரை அடித்துப் பயனில்லை, அசையமாட்டார். அதனால் ஜெமோ கூட்டத்தின் மிஸ்டர் ஹைட் ஜார்விஸை அடிக்கிறான். எந்தச் சக்தியும் இல்லாத, வயதான ஒரு மனிதரை, உயிர் ஊசலாடும்வரை அடிக்கிறான். கேப்டன் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அவருடைய பழைய முக்கோணக் கேடயமும், அவரிடம் மிஞ்சியிருந்த அம்மாவின் ஒரே புகைப்படமும்கூட அந்த முரடன் கையில் நாசமாகின்றன. ஊரை அழிக்கும் கதிர்வீச்சு எதுவும் இங்கே இல்லை. ஒரு மனிதனின் வீட்டையும் நினைவுகளையும் அழிக்கிறார்கள். உலகம் அழியப் போகிறது என்ற கதைகள் ஆயிரம் படித்திருக்கிறோம், ஒன்றிலாவது வயிறு இப்படிப் பிசைந்ததா?

உச்சகட்டச் சண்டையின் அழகே வாஸ்ப்தான். மருத்துவமனையில் கிடக்கும் ஹெர்குலிஸைத் தீர்த்துக்கட்ட ஜெமோ கூட்டத்தின் அப்சார்பிங் மேனும் டைட்டானியாவும் வருகிறார்கள். அங்கே வந்த ஆன்ட்-மேனைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் வீழ்த்துகிறாள். பிறகு தோர் வருகிறான், டாக்டர் ட்ரூயிட் வருகிறார், இருளுலகில் தள்ளப்பட்ட கேப்டன் மார்வெல் மோனிகாவும் தப்பி வந்து சேர்கிறாள். கிடைத்தவர்களை வைத்தே மாளிகையை மீட்கிறாள் வாஸ்ப். எதிரணியைப் பார்: மாளிகையைச் சுற்றி இருட்டுச் சுவர் எழுப்பிய பிளாக்அவுட்டின் மனத்தைத் தன் பிடியில் வைக்க, அவன் கூட்டாளி மூன்ஸ்டோனும் ஜெமோவும் போட்டியிடுகிறார்கள். ஜெமோ பலவந்தமாக ஆட்டிவைக்கிறான். பிளாக்அவுட் எதிர்த்துத் திமிறி, மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோகிறான். சங்கம் உடைந்தது இங்கேதான். ஆளுக்கொரு குத்தாம்!

கடைசியில் கூரைமேல் ஜெமோவும் கேப்டனும் மோதி, ஜெமோ கீழே விழுகிறான். வெற்றிதான். ஆனால் புஸ்கேமா இடிபாடுகளுக்கு நடுவே நிற்கும் கேப்டனை வரைந்திருப்பதைப் பார். புகைப்படம் போனதற்காக அந்த மனிதர் உடைந்து அழுகிறார். எத்தனையோ போர்களைப் பார்த்தவர். நண்பா, அப்பா போன பிறகு வீட்டை ஒழுங்குபடுத்தியபோது நீ எனக்கு எழுதிய கடிதம் நினைவிருக்கிறதா? அதில் நீ எழுதியதையே இந்தப் பக்கத்தில் படித்தேன். அதனால்தான் உன் கைப்பட அந்த வரி வந்ததைத் தாங்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1997-இல் தொடங்கிய தண்டர்போல்ட்ஸ் காமிக்ஸ் தொடரின் முதல் இதழை இதோடு சேர்த்துப் படி. புதிய வீரர்கள் என்று ஊரே கொண்டாடும் குழு, கடைசிப் பக்கத்தில் முகமூடியைக் கழற்றுகிறது. உள்ளே இருப்பது ஜெமோ! கூடவே இந்த மாளிகைக்குள் புகுந்த மூன்ஸ்டோன், ஃபிக்சர், கோலியாத், ஸ்க்ரீமிங் மிமி. கர்ட் பியூசிக் அதை எழுதும்போது மார்க் பேக்லி வரைந்தார். அந்தக் கூட்டத்தில் சிலர் நல்லவர்களாக நடிக்கப்போய் நல்லவர்களாகவே ஆகிவிடுவதைப் பற்றி நாம் பேசியே ஆகவேண்டும். நான் மிமியின் பக்கம். நீ மூன்ஸ்டோனுக்கு வக்காலத்து வாங்குவாய், தெரியும். வாங்கு, பதிலை நீளமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய எதிர்க்கட்சி